555 நோட்டில் ‘குடை’

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பாலியல் தொழில் நடக்கிறதென்று செய்த ஒரு ரெய்டின் வீடியோ வந்தது. கோலாலம்பூரில் ஏதோ ஒரு மசாஜ் கடை. பெண்கள் தலைமுடியால் முகத்தை மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா ஒருவர் கீழே, “உடம்ப வளைச்சு வேல செய்ய மாட்டாளுங்க” என்று போட்டிருந்தார். அங்கே சண்டை வேண்டாமென்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார், ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம். அந்தப் பக்கமும் அதே தொழிலுக்குப் பேர்போனது என்று கோலாலம்பூர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடன் சாப்பாடெல்லாம் 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டில் ஏறும். ஓர் அக்காவுக்கு மட்டும் பெயர் எழுதாமல் ‘குடை’ என்று குறிப்பார். வெயிலோ மழையோ, அவர் கையில் குடை இருக்கும்.

அந்த அக்கா முன்பு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவர். உடம்பு அங்கேயே நன்றாக வளைந்திருந்தது மாமா. வீட்டுக்காரர் விட்டுப் போனார், கடன் மட்டும் போகவில்லை.

அவருடைய கணக்கை நானே கேட்டிருக்கிறேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அறை வாடகை கட்ட வேண்டும். சந்து முனையில் காவலுக்கு நிற்கும் பையனுக்குத் தனிக் காசு. ஆலோங்குக்கு, அதாவது கந்துவட்டிக்காரனுக்கு, வட்டி. ஊரில் மகளை வளர்க்கும் தங்கைக்கு மாசாமாசம் பணம். பிடிபட்டால் அபராதம், அதைக் கட்ட மறுபடி ஆலோங், அதை அடைக்க மறுபடி அதே சந்து. திருத்துவதற்காகப் போடுகிற அபராதம்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது.

தண்டனைச் சட்டம் 372பி பிரிவில், ஆள் அழைப்பதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாலியல் விடுதி நடத்துவதும் அந்தக் காசில் பிழைப்பதும் இன்னும் பெரிய குற்றம். சரி, அந்த முதலாளி ஏன் வீடியோவில் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை?

இன்னொன்று. அக்கா பையில் ஆணுறை அதிகம் வைத்துக்கொள்ள மாட்டார், அதையே சாட்சியாக்கிவிடுவார்கள் என்ற பயம். கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் பிடி பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்புக்காரர்கள் பல வருடங்களாக நடையாய் நடந்து நோய்த்தடுப்பு வேலை பார்க்கிறார்கள். ஒரு ரெய்டு போதும், அந்த உழைப்பெல்லாம் பயத்தில் கரைந்துபோக.

இதை நல்ல வேலை என்று நான் சொல்லவில்லை, அக்காவும் சொன்னதில்லை. ஏமாற்றிக் கடத்தி வரப்பட்ட பெண்களின் கதை வேறு, அதற்கு 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றினால் இரண்டு பேருக்குமே நியாயம் கிடைக்காது.

“நம்ம காலத்துல இதெல்லாம் இல்ல” என்கிறவர்கள் இதே விடுதிகள் இருந்த பினாங்கு சிந்த்ரா தெருவின் பழங்கதையைக் கேட்கலாம். வெள்ளைக்காரன் ஈயத்துக்கும் தோட்டத்துக்கும் ஆண்களைக் கப்பல் கப்பலாக இறக்கினான். 1870இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டு, விடுதிகளைப் பதிந்து, பெண்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினான். வந்துபோன ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை. நேற்றைய வீடியோவிலும் வாடிக்கையாளர் ஒருவரைக்கூடக் காணோம்.

அம்மாவின் 555 நோட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. ‘குடை’ பக்கத்தில் எல்லா வரியும் அடித்திருக்கிறது, கடைசி எட்டு ரிங்கிட் உட்பட. அடிக்காத பக்கங்களில் ஒன்று மாமாவுடையது.