பட்டனை அழுத்தினால் உறைந்துபோகும் மென்பொருள்

நேற்று ஒரு கணக்கு மென்பொருளில் மாத அறிக்கைக்கான பட்டனை அழுத்தினேன். திரை வெளுத்துப்போனது. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்'. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று எதுவும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மூடினேன். அரை மணி நேரமாக அடித்த பதிவுகளும் அதோடு போயின.

எல்லா வேலையையும் யூஐ த்ரெட்டின் (மென்பொருளுக்குள் திரையைக் கவனிக்கும் வேலை வரிசை) தலையிலேயே கட்டுவதால் வரும் வினை இது. திரையை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் அந்த ஒரே த்ரெட்தான். டேட்டாபேஸ் பதிலுக்காக அது காத்து நின்றால், 5 விநாடியில் விண்டோஸ் அதை முடங்கியதாகக் கணக்கில் எடுத்துவிடும். சிலர் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள், காத்திருக்கும் கிளிக்குகளை இடையிடையே கவனிக்கச் சொல்லும் 'டூஈவென்ட்ஸ்' கட்டளையைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது இன்னும் மோசம். பயனர் மறுபடி அழுத்தினால் அதே வேலை உள்ளுக்குள் இரண்டாவது முறை ஓடத் தொடங்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில், வேலையைப் பின்னணியில் ஓட்டும் பேக்கிரவுண்ட் வொர்க்கர் 2005 முதல் இருக்கிறது. 2012-இல் அதன் நிரல் மொழியான சி ஷார்ப்புக்கு, திரையை முடக்காமல் பதிலுக்குக் காத்திருக்க உதவும் ஏசிங்க், அவெய்ட் என்ற சொற்கள் வந்தன. கனமான வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, முடிவை மட்டும் யூஐ த்ரெட்டில் காட்டினால் போதுமே! அப்புறம் ஒரு முன்னேற்றப் பட்டை, ஒரு ரத்து பட்டன். காசு கொடுத்து வாங்கியவருக்கு இதைக்கூடச் செய்து தரக்கூடாதா?