முட்டை ஓடு போட்டால் டேலியாவுக்கு நத்தை வராதா?

"டேலியா செடியைச் சுற்றி முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுங்கள், நத்தையின் வயிறு கிழிந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

நத்தை தான் சுரக்கும் பிசுபிசுப்பான கோழையின் மேல்தான் ஊர்கிறது. கத்தி முனையைக்கூடக் காயமில்லாமல் கடந்துவிடும்; முட்டை ஓடெல்லாம் எம்மாத்திரம்? பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கம்பளி உருண்டை, மரப்பட்டை, கூர்மணல் ஆகியவற்றை லெட்டூஸ் கீரையில் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. தடுப்பு வைத்த செடிக்கும் வைக்காத செடிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

டேலியாவுக்கு ஆபத்து கிழங்கிலிருந்து இளந்தளிர் எட்டிப்பார்க்கும் நாட்களில்தான். ஓர் இரவிலேயே நத்தை அதை மொட்டையாக்கிவிடும். அதனால் கிழங்கைத் தொட்டியில் முளைக்கவைத்து, தண்டு தடித்தபின் தரையில் நடுங்கள். இருட்டியதும் டார்ச்சோடு போய், குறிப்பாக மழை பெய்த இரவில், இலைக்கு அடியில் பார்த்துப் பொறுக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் தரும். தண்ணீரைக் காலையில் ஊற்றினால் இரவில் மண் அவ்வளவு ஈரமாக இருக்காது.

உப்பு தூவச் சொல்பவர்களும் உண்டு. நத்தை சாகும், சரி. அப்புறம் மண்ணில் உப்பேறி டேலியாவும் கருகும்.