ரெய்டு 1 போட்டால் பேக்கப் ஆகிவிடாது

"2 ஹார்ட் டிஸ்க்கை ரெய்டு 1-ல் போட்டாச்சு, இனி பேக்கப் எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அது தவறு. ரெய்டு 1 என்றால் ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, ரெய்டு 1-ன் உதவி அவ்வளவுதான். கல்யாண போட்டோ ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்தால் அந்தக் கணமே இரண்டிலும் போய்விடும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் அதே கதி. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) கெட்டு வோல்டேஜ் எகிறினால் இரண்டும் சேர்ந்தே கருகலாம். பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் ஒரே கடையில் வாங்கிய ஜோடி ஒரே பேட்ச்சாக இருந்தால், ஒன்று போனபின் புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்க மணிக்கணக்கில் ஓடும் ரீபில்டிலேயே மற்றதும் மண்டையைப் போடலாம்.

மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி யுஎஸ்பி கேஸில், அதாவது டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில், போடுங்கள் (3.5 இன்ச் டிஸ்க் என்றால் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள கேஸ்). வாரம் ஒருமுறை செருகி, காப்பி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டும்.

விண்டோஸிலேயே வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்டைப் பயன்படுத்துபவர்கள் 'எம்ஐஆர்' (/MIR) ஸ்விட்சில் ஜாக்கிரதை: மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழித்துவிடும். உள் ஃபோல்டர்களோடு காப்பி மட்டும் செய்யும் 'இ' (/E) ஸ்விட்ச் போதும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். முக்கியமானதற்கு இன்னொரு நகல், ஜெயநகரில் இருக்கும் தம்பி வீட்டிலோ கிளவுடிலோ.