ஓடிய தூரம் மட்டும் போதாது, சேஸியைப் பாருங்கள்
"பழைய டொயோட்டா டக்கோமா பிக்கப் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இன்ஜின் 5 லட்சம் கிலோமீட்டர் தாங்கும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்ஜின் தாங்கும், சரி. சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், தாங்க வேண்டுமே?

அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் மாநிலங்களில், 2005 முதல் 2010 வரையிலான மாடல்கள் பலவற்றில் சேஸி துருப்பிடித்து ஓட்டையே விழுந்தது. வழக்கு நடந்து, 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. மோசமாக அரித்துப்போனவற்றுக்குப் புதுச் சேஸி மாற்றித்தர ஒப்புக்கொண்டது. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியும் இதற்குத் தப்பவில்லை.

அதனால் ஓடோமீட்டரைப் பார்க்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மாட்டியிருக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. சத்தம் அமுங்கி, செதில் செதிலாக உதிர்ந்தால் விலையே பேசாதீர்கள். அடியில் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், துருவை மறைத்திருக்கலாம், இன்னும் உஷாராக இருங்கள்.