மானிட்டர் பதவிக்கு இல்லை, வேலைக்கு

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற நான் 24 இன்ச் மானிட்டர் கேட்டேன், ஆபீஸில் மேலே இருக்கிற ஒருவர் எல்லார் முன்னாலும் கிண்டலடித்தார். செவ்வாய்க்கிழமை நடந்த இதை அன்றைக்கே எழுதிவிட்டேன். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "அக்கா, ஒரு மானிட்டருக்கா இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், ஒரு மானிட்டருக்குத்தான்.

"24 இன்ச் எதுக்குங்க, படம் பாக்கவா?" அவர் கேட்டது இவ்வளவுதான். பத்துப் பேர் இருந்த அறையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவர் மேஜையில் இருப்பது 32 இன்ச். அதில் மெயிலும் வாட்ஸாப்பும் திறந்திருக்கும். என் மேஜையில் 18.5 இன்ச். அதில் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரும் ஜிஎஸ்டி 2பி-யும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். முதலாவது நாங்கள் வாங்கிய பில்களின் பட்டியல், இரண்டாவது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தருகிற பட்டியல். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. இருவரில் யாருக்கு இடம் போதவில்லை? எந்த மேஜைக்கு எவ்வளவு பெரிய திரை என்பதை அங்கே நடக்கிற வேலைதான் சொல்ல வேண்டும். நாற்காலி சொல்லக் கூடாது.

"புதுசு வாங்கிக் கொடுத்தார்களே, அதற்கும் குறையா?" என்று ஒருவர் கேட்டார். புதுசுதான். ஆனால் எதை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள் என்று பாருங்கள். பழையது 19 இன்ச் சதுர மானிட்டர். பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது, ஓரம் மஞ்சளடித்துப் போனது. வந்தது 18.5 இன்ச் அகல மானிட்டர். அரை இன்ச்தானே குறைவு என்று தோன்றும். திரையின் அளவைக் குறுக்காக, மூலைக்கு மூலை அளக்கிறார்கள். அதனால்தான் இந்த ஏமாற்றம். பழைய திரையின் உயரம் 30 செ.மீ., புதியதின் உயரம் 23. பழையதில் மேலிருந்து கீழே 1024 புள்ளிகள் (பிக்சல்), புதியதில் 768. எக்செலைத் திறந்தால் பன்னிரண்டு வரி காணாமல் போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தது பக்கவாட்டில் ஒரே ஒரு காலம் (column), அதாவது ஒரு நெடுவரிசை. கணக்கு எழுதுகிறவளுக்கு வரிதான் சோறு. பன்னிரண்டு வரியைப் பிடுங்கிக்கொண்டு புதுசு கொடுத்தோம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

24 இன்ச் ஃபுல் எச்டி, அதாவது 1920-க்கு 1080 புள்ளி, என்று நான் கேட்டது பந்தாவுக்காக இல்லை. அதன் உயரமும் அதே 30 செ.மீ., அகலம் 53. எழுத்தைச் சுருக்காமலே எக்செலில் இருபத்தொன்பது காலம் தெரியும். இப்போது எனக்குத் தெரிவது இருபது. சப்ளையர் பெயர், பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, மதிப்பு, மூன்று வகை வரி. இந்தப் பக்கம் எட்டுக் காலம், அந்தப் பக்கம் எட்டுக் காலம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் அது மேட்சிங். ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்து, நடுவில் நம்பரை மனதில் வைத்துக்கொண்டே போவது மனப்பாடம்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நூல் பில் ஒன்று, மதிப்பு 86,400. இரண்டு ஷீட்டும் திரைக்குள் அடங்க வேண்டும் என்று ஜூமை 70-க்கு இறக்கியிருந்தேன். அந்த அளவில் எட்டும் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 36,400 என்று ஏற்றிவிட்டேன். 5 சதவீத வரியில் 2,500 ரூபாய் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, கூடவே திட்டும் வாங்கினேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் "கவனம் பத்தாது" என்று சொன்னவர்கள் யாரும் என் இடத்தில் வந்து உட்கார்ந்து அந்தத் திரையை ஒரு தடவை பார்க்கவில்லை.

எனக்கு 47 வயது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண் டாக்டர் "கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை. மறுநாள் கட்டிங் செக்‌ஷனிலிருந்து இஞ்ச் டேப் வாங்கி வந்து, ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்து அளந்தேன். 15 இன்ச். அதாவது 38 செ.மீ. குறைந்தது 50, முடிந்தால் 70 வரை, கை நீட்டினால் தொடுகிற தூரம் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் கூன் போட்டுக் கிட்டே போனது பழக்கத்தால் இல்லை. எழுத்து தெரியவில்லை, போனேன்.

"பெரிய திரை கண்ணுக்குக் கெடுதல்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எழுத்தைச் சுருக்கிவைத்து மூக்கால் படிப்பதுதானே தம்பி கெடுதல்? பெரிய திரையைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மேல் விளிம்பு கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், என்னைப் போல புரொகிரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கு மேல்பக்கம், கிட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் என்று ஒரே கண்ணாடி) போட்டவர்களுக்கு இன்னும் இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும்.

"அப்படியானால் 27 வாங்க வேண்டியதுதானே?" இது நியாயமான கேள்வி. 27 இன்ச்சிலும் அதே ஃபுல் எச்டி என்றால் புள்ளி எண்ணிக்கை கூடாது. ஒரு வரிகூட அதிகம் தெரியாது, எழுத்து மட்டும் ஊதிக்கொண்டு லேசாகப் பிசிறும். பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கு அது வசதி, ஒத்துக்கொள்கிறேன். வரி கூட வேண்டும் என்றால் 27-இல் 2560-க்கு 1440 வாங்க வேண்டும். அது விலை அதிகம், நான் கேட்கவே இல்லை. டிசைன் செக்‌ஷன் பையனுக்குக் கொடுங்கள், அவன் வேலைக்கு அது தேவை. கேட்டில் வண்டி நம்பர் பதிகிற அண்ணனுக்கு 18.5 தாராளம். எல்லாருக்கும் 24 வாங்கு என்று நான் எங்கே சொன்னேன்? வேலையைப் பார்த்துக் கொடுங்கள் என்றுதானே சொன்னேன்?

செலவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. சில ஆயிரம் வித்தியாசம், நாலைந்து வருஷம் உழைக்கும். அவ்வளவுதான்.

நாம் இருப்பது திருப்பூர். பனியன் கம்பெனி. எஸ் சைஸை எல்லாருக்கும் தைத்து அனுப்பினால் பையர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். அளவு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணிக்குக் கால் இன்ச் பார்க்கிற ஊரில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற மனுஷிக்கு ஐந்தரை இன்ச் பார்க்க மாட்டார்களா?

என் அப்பா பஞ்சு மண்டியில் கணக்குப்பிள்ளை. அவருடைய பேரேட்டைப் பிரித்து வைத்தால் சாய்வு மேஜை முழுக்க அடைத்துக்கொள்ளும். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, இரண்டும் ஒரே பார்வையில். மண்டிக்காரர் புதுப் பேரேடு வாங்கினால் முதலில் அப்பாவைக் கூப்பிட்டு "பிள்ளை, இந்த அகலம் போதுமா?" என்று கேட்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து மண்டி வாசலில் நின்றபடி நானே கேட்டிருக்கிறேன். இத்தனை அகலம் எதற்கு என்று அப்பாவிடம் ஒருவரும் கேட்டதில்லை.

சரி, மானிட்டரை என் காசில் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வாங்க முடியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு அறையில் நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நான்தான் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் மாசம் அவள் போட்ட தப்பையெல்லாம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து திருத்தினேன். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

நாளைக்கு 14-ஆம் தேதி. 2பி வந்துவிடும். 20-க்குள் மேட்சிங்கை முடித்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் ஒரு தாள் கொடுக்கப்போகிறேன். பழைய திரையில் எத்தனை வரி, இதில் எத்தனை வரி, 24-இல் எத்தனை வரி என்று மூன்றே வரி எழுதியிருக்கிறேன். கூடவே அந்த இஞ்ச் டேப்பையும் எடுத்துப் போகிறேன். அவரையே வந்து அளக்கச் சொல்வேன்.