ஊசியும் தொடைக் கடுப்பும்

மருந்தே இல்லாத போலி மாத்திரையில் வலி குறைவது வெறும் கற்பனை என்று உங்கள் கட்டுரையில் முடித்துவிட்டீர்கள். அப்படித் தள்ள முடியாது. 1978இல் அமெரிக்காவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் சோதித்தார்கள். போலி மருந்தில் வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகை வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி ஏறியது. உடம்பே சுரக்கும், அபின் போல வேலை செய்யும் எண்டார்பின்தான் அதுவரை வலியை அடக்கியிருக்க வேண்டும்.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ஊசி போட்டால்தான் காய்ச்சல் கேட்கும் என்று நம்பும் ஆச்சிமார் இன்னமும் உண்டு. அது கிடக்கட்டும், எனக்குக் கவலை மறுபக்கம்தான். கொலஸ்ட்ரால் மாத்திரை தின்றால் தொடை கடுக்கும் என்று டீக்கடையில் ஒரு அண்ணாச்சி சொன்னால் போதும், நாலு பேருக்குக் கடுக்க ஆரம்பித்துவிடும்.

லண்டனில் இதை 60 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். எல்லாரும் உபாதை தாங்காமல் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்கள். சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி, சில மாதம் ஒன்றுமே கிடையாது. போலி தின்ற மாதங்களிலும் நிஜ மாத்திரையில் வந்ததில் 90 சதவீத உபாதை! விவரம் தெரிந்ததும் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். கடுப்பு நிஜம்தான், காரணம்தான் பெரும்பாலும் மாத்திரை இல்லை. நிஜமாகவே தசை பாதிக்கப்படுகிறவர்களும் கொஞ்சம் பேர் உண்டு, அதனால் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு தின்னவும் வேண்டாம். இந்தப் பக்கத்தையும் ஒரு கட்டுரையாக எழுதுங்கள் சார்.