ஸ்கேன் ‘உண்டு’ என்று சொன்னால் நம்புங்கள், ‘இல்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

“கண்ணைத் திறந்து முழிச்சிக்கிட்டுதான் கிடக்கான். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான். பெரிய ஸ்கேன் ஒண்ணு எடுத்தா நினைவு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிருமாமே?”

நாற்கரச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த பையன்களின் வீடுகளில், நாங்குநேரியானாலும் அம்பாசமுத்திரமானாலும், இதுதான் கேள்வி. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஆம்புலன்ஸ் பேசும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் எடுக்கும் சிடியும் எம்ஆர்ஐயும் மூளையின் அமைப்பைத்தான் காட்டும். ரத்தம் எங்கே கட்டியிருக்கிறது, மூளைத் திசு எங்கே அடிபட்டிருக்கிறது என்பது தெரியும். உள்ளே எண்ணம் ஓடுகிறதா என்பது அதில் தெரியாது. அதற்கு, எந்த மூளைப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்ஆர்ஐ போன்ற சோதனை வேண்டும். 2005இல் சாலை விபத்தில் அடிபட்டு எந்த அசைவிலும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை, மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் இங்கிலாந்தில் அப்படித்தான் சோதித்தார்கள். 30 நொடி டென்னிஸ் ஆடுவதாக நினைக்க வேண்டும், பிறகு 30 நொடி ஓய்வு. அடுத்து, தன் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு வேலை செய்த அதே மூளைப் பகுதிகள் அவருக்கும் வேலை செய்தன. 2006இல் அந்த முடிவு வெளியானது.

மட்டையே பிடித்தறியாத விவசாயியிடம் டென்னிஸ் ஆடச் சொல்லிப் பயனில்லை. தாமிரபரணியின் குறுக்குத்துறையில் நீச்சலடிப்பதாக நினைக்கச் சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டளை நல்ல நிலையில் உள்ள நம் ஊர்க்காரர்களிடம் தெளிவான அடையாளம் காட்டுகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். 3 டெஸ்லா என்ற சக்தி கூடிய எம்ஆர்ஐ இயந்திரம் இருப்பதாலேயே இந்தப் பரிசோதனை அங்கே நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். முன்பதிவுக்கு முன் நேராகக் கேளுங்கள்: கட்டளை கொடுத்துச் செய்வீர்களா, அமைப்பு மட்டும் எடுப்பீர்களா?

கெட்டுப்போவது எங்கே? தலை சில மில்லிமீட்டர் ஆடினாலே கணக்கு குழம்பும். ஆடாமல் இருக்க மயக்க ஊசி போட்டால் அமைப்புப் படம் அழகாக வரும், தேடிப் போன விழிப்போ மருந்தில் அமுங்கிவிடும். இந்தக் கூத்து அடிக்கடி நடக்கிறது. காதில் அடி, மொழி மையத்தில் அடி, அந்த நேரத்துத் தூக்கம் என எது இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்று வந்துவிடலாம்.

2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வின் எண்கள் இதைத் தெளிவாக்குகின்றன. வெளிப்பார்வைக்குக் கட்டளைக்குப் பதிலே தராத 241 பேரில் 60 பேர், செயல்பாட்டு எம்ஆர்ஐயிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியிலோ கட்டளையைப் பின்பற்றினார்கள். நால்வரில் ஒருவர்! எல்லாரும் இந்த எண்ணைத்தான் பகிர்கிறார்கள். அடுத்த எண்ணை யாரும் சொல்வதில்லை. படுக்கையில் கண்ணெதிரே கட்டளைக்குப் பதில் தந்த 112 பேரில் 43 பேருக்கு மட்டுமே இந்தப் பரிசோதனையில் அது பதிவானது. நினைவு இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்களிலேயே பாதிக்கு மேல் தவறவிடும் சோதனை இது. அதன் ‘இல்லை’யை வைத்து ஒருவருக்கு வைத்தியத்தை நிறுத்துவது அநியாயம்.

ஆகவே முதலில் படுக்கையருகே ஒழுங்கான பரிசோதனை. நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் சிஆர்எஸ்-ஆர் என்ற அளவுகோலில் ஆறு பிரிவுகள், மொத்தம் 23 மதிப்பெண். முகம் பார்க்கும் கண்ணாடி, பந்து, சீப்பு போன்ற வீட்டுச் சாமான்களே போதும். முகத்துக்கு நாலைந்து அங்குலம் முன்னால் கண்ணாடியைப் பிடித்து, இடம் வலம் மேல் கீழாக மெதுவாக நகர்த்த வேண்டும். விரலைப் பின்தொடராத கண்கள்கூடத் தன் முகத்தைப் பின்தொடரலாம். கட்டளை சொன்னால் 10 நொடி பொறுக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அந்தப் பொறுமைதான் இல்லை. “கையைத் தூக்குல, தூக்குல” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எது பதில், எது தற்செயல் என்றே பிரிக்க முடியாது. ஒரு நாள் பார்த்தது போதாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது, வெவ்வேறு நேரங்களில் பார்க்க வேண்டும். 2009இல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர் குழு உணர்வே இல்லை என்று முடிவு செய்த 44 பேரில் 18 பேருக்கு இந்த அளவுகோல் உணர்வின் அடையாளத்தைக் கண்டுபிடித்தது.

அதற்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன், தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென், இரவுக்குத் தூக்க மாத்திரை என்று அடுக்கியிருந்தால் நல்ல மூளையும் மந்தமாகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடும். எதைக் குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, கை கால் வெட்டாமல் உள்ளே ஓடும் வலிப்பு எல்லாம் ஆளை அமுக்கும். கடைசியாகச் சொன்னது இஇஜியில்தான் பிடிபடும்.

என்னைக் கேட்டால், முன்னேறி வந்தவர் திடீரென மந்தமாகும்போது அவசரமாக எடுக்க வேண்டியது சாதாரண சிடிதான். மூளையில் நீர் கோத்திருந்தால் அதில் தெரியும், அந்த நீரை வடிக்கும் குழாயான ஷண்ட் வைத்துச் சரிசெய்ய வழி உண்டு. வெளியிலிருந்து அழுத்தம் மாற்றும் வகை ஷண்ட் ஏற்கெனவே இருந்தால் எம்ஆர்ஐ அறையில் முதலிலேயே சொல்லுங்கள். காந்தத்தில் அதன் அளவு மாறக்கூடும், எடுத்து முடித்ததும் சரிபார்த்தாக வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜிசிஎஸ் என்ற பொதுவான நினைவு மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், சிஆர்எஸ்-ஆரின் ஆறு பிரிவு மதிப்பெண்களையும் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.